மாதிரி விஸ்கித் தொகுப்பு: பல பகுதிகளா, ஒரே தீவா?

விஸ்கிகளை வீட்டில் சுவைத்து ஒப்பிட 700 மி.லி. புட்டிகளை வாங்கி அடுக்க வேண்டியதில்லை, 30 மி.லி. மாதிரிக் குப்பிகளே போதும். எந்தத் தொகுப்பை வாங்குவது என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு குப்பி தருவது ஒரு வகை. ஒரே பகுதியின் ஆலைகளை அருகருகே வைப்பது மற்றொரு வகை. இரண்டையும் வாங்கிச் சுவைத்த நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1988-இல் யுனைடெட் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கிளாசிக் மால்ட்ஸ்’ வரிசை. கிளென்கிஞ்சி, டால்வின்னி, கிராகன்மோர், ஓபன், டாலிஸ்கர், லகவூலின் ஆகிய ஆறு ஆலைகளின் விஸ்கிகளும் அதில் அடங்கும். புதிதாகத் தொடங்குபவர் தமக்குப் பிடித்தது எது என அறிய இது உதவும். ஆனால் மென்மையான கிளென்கிஞ்சியையும் புகை மணக்கும் லகவூலினையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பீட் எனப்படும் மட்கிய சதுப்புமண்ணை எரித்த புகையா, பீப்பாயா, வயதா, வடிகலனா என்று பிரித்தறிய வழியில்லை.

இரண்டாம் வகையைச் சேர்ந்த, ஸ்காட்லாந்தின் ஐலா தீவுத் தொகுப்பில் அந்த வழி திறக்கிறது. லகவூலின் 16, கூல் ஈலா 12 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம் (எண்கள் வயதை ஆண்டுகளில் குறிப்பவை). பார்லியை முளைக்கவைத்து உலர்த்தும் போர்ட் எலன் மால்ட் கூடத்திலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு பீட் புகையேற்றிய பார்லியே இரு ஆலைகளுக்கும் செல்கிறது; இரண்டின் வீரியமும், அதாவது ஆல்கஹால் அளவும், 43%. ஆயினும் லகவூலின் எண்ணெய்ப் பசையோடு கனத்து நாவில் தங்க, கூல் ஈலாவிலோ எலுமிச்சைத் தோலின் வாசமும் மெல்லிய சாம்பல் மணமும் எழுகின்றன. லகவூலினில் பேரிக்காய் வடிவச் செப்புக் கலன்களை ஏறக்குறைய நிறைத்து மெதுவாக வடிக்கிறார்கள். கூல் ஈலாவின் பெரிய கலன்களில் ஆவி செம்போடு கூடுதலாகப் பழகுவதால் கனமான கூறுகள் குறைகின்றன. நான்கு ஆண்டு வயது வித்தியாசத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

என் முடிவைத் தீர்மானித்தது வீரியம். கூடுதல் ஆல்கஹாலின் காரத்தை நாக்கு எளிதில் ‘அதிகச் சுவை’ என்று எடுத்துக்கொள்வதால், வீரியத்தைச் சமன்செய்யாத ஒப்பீட்டில் வலுவான விஸ்கியே பெரும்பாலும் முந்திவிடுகிறது. ஐலா தொகுப்பின் மூன்றாவது குப்பியான ஆர்ட்பெக் 10-இன் வீரியம் 46%. அதில் 15 மி.லி. எடுத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் 1 மி.லி. தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ 43% ஆகிவிடும். மற்ற இரண்டையும் தொடவே தேவையில்லை. பல பகுதித் தொகுப்பிலோ, 40% கொண்ட கிராகன்மோருக்கு இணையாக 45.8% டாலிஸ்கரை இறக்க 2 மி.லி.க்கும் சற்று மேல் தண்ணீர் வேண்டும். டாலிஸ்கருக்கே உரிய மிளகுக் காரம் அதில் மங்கிவிடுகிறது.

30 மி.லி. அளவு எனக்குப் பொருத்தமாக இருப்பதும் இதனால்தான்: முதல் பாதியை அப்படியே சுவைக்கலாம், மறுபாதியைச் சமன்செய்து சுவைக்கலாம். பாதி காலியான குப்பியில் காற்று புகுந்து மணத்தைக் குலைக்கும் என்பதால் மறுபாதியை ஓரிரு நாட்களுக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கிகளை நான் அதிகம் ஒப்பிட்டதில்லை. அங்கும் இம்முறை இதே அளவுக்குத் துணைபுரியும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஐலா தொகுப்பை வாங்குபவர் கூல் ஈலாவில் தொடங்கி, லகவூலினுக்கு வந்து, ஆர்ட்பெக்கை இறுதியில் வைத்துக்கொள்ளட்டும். வரிசை மாறினால் ஆர்ட்பெக்கின் புகை மற்ற இரண்டையும் மறைத்துவிடும்.