கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறீர்களா? 46,500 ரூபாயைப் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

இன்று காலை நீல டாங் மீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்று கணவர் சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன். அதைத்தானே எனக்குத் தொட்டி வைத்துக் கொடுத்தவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

மொத்தம் 46,500 ரூபாய். இரண்டு வருடம் மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். பதின்மூன்று நாளில் போய்விட்டது.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடக்கிறது, பெயரைப் போட்டால் வழக்குத் தொடுப்போம் என்று மிரட்டியும் இருக்கிறார்கள். வகையைச் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்ளுங்கள். தெருவில் கடை கிடையாது. வீட்டு வேலைகளுக்கு ஆள் பதிவு செய்யும் செயலி ஒன்றில் விளம்பரம் வரும். 'ஒரே நாளில் உங்கள் வீட்டில் பவளத் தோட்டம்' என்று போட்டிருப்பார்கள். ஆள் வீட்டுக்கு வந்து தொட்டி, உப்பு, பாறை, மீன் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த 'ஒரே நாளில்' என்பதிலேயே நான் ஓடியிருக்க வேண்டும். கோவையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் வருடத்துக்கு ஒரு முறை ராமேசுவரம். அதில் ஒரு துண்டு வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, என் மாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தான். வாய்க்கு வாய் "அக்கா" என்றான். நான் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். கடல்மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும் என்று தெரியும். கேட்டேன்.

அவன் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தான். "அக்கா, இது சிறுவாணித் தண்ணீர். இதைவிடச் சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? ஆர்.ஓ. எல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு" என்றான்.

அவ்வளவுதான். என் ஊர்த் தண்ணீரைப் புகழ்ந்ததும் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். குளோரின் பாக்டீரியாவைக் கொல்வதற்காகவே சேர்க்கப்படுகிறது. அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதிலேயே 'உடனடி பாக்டீரியா' என்று ஒரு பாட்டிலையும் கவிழ்த்தான். குளோரின் நீக்கும் மருந்து ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அம்மோனியா சோதனை. மீனைக் கொல்லும் அந்த நஞ்சு தண்ணீரில் இருக்கிறதா என்று பார்ப்பது. நான் முழுமையாக நம்பியது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். சிறிய கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்தான். ஒரு பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு, இன்னொன்றிலிருந்து எட்டுச் சொட்டு விட்டான். மூடிக் குலுக்கி, வண்ண அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். மஞ்சள். "மஞ்சள் என்றால் பூஜ்யம், அக்கா. மீன் விடலாம்" என்று சொல்லிவிட்டு உடனே சாக்கடையில் கொட்டிவிட்டான். குலுக்கியதிலிருந்து கொட்டியது வரை அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் அந்தச் சோதனைப் பெட்டியின் தாளை நானே படித்தேன். நிறம் ஏற ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அதற்கு முன்னால் பார்த்தால் அம்மோனியா இருந்தாலும் மஞ்சளாகத் தெரியலாம்.

அன்று மாலையே 60 லிட்டர் தொட்டிக்குள் இரண்டு க்ளவுன் மீன், ஒரு நீல டாங், ஒரு இறால், பூவைப் போலத் தோன்றும் கடல் உயிரான அனிமோன் ஒன்று வெள்ளை வெளேரென்று, எல்லாம் போய்விட்டன. ஏன் இவ்வளவு வெள்ளை என்று கேட்டேன். "பனி வெள்ளை, அரிய வகை" என்றான். அதற்கு மட்டும் தனியாக 3,800 ரூபாய். நீல விளக்கைப் போட்டு நான்கைந்து படம் எடுத்துக்கொண்டான். பிறகு, "செயலியில் ஓ.டி.பி. வந்திருக்கும் அக்கா, சொல்லுங்கள்" என்றான். சொன்னேன்.

கணக்கு இது: தொட்டியும் ஸ்டாண்டும் 14,000, விளக்கு 9,500, உப்பு மணல் பாறை 11,000, உயிரினங்கள் 8,500, அமைப்புக் கூலி 3,500. செயலி வழியாக முன்பணம் 10,000 கட்டியிருந்தேன். மீதி 36,500 ரூபாயை அவனுடைய எண்ணுக்கே நேரடியாக அனுப்பச் சொன்னான். ஜி.எஸ்.டி. பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்றான். அனுப்பினேன். ஆகமொத்தம் 46,500.

மூன்றாம் நாள் இறால் செத்தது. அழைத்தேன். "புதுத் தொட்டி என்றால் அப்படித்தான் அக்கா, இரண்டு நாள் பாருங்கள்" என்றான். ஆறாம் நாள் ஒரு க்ளவுன், தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்தது. இரவு பதினொரு மணி வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் இல்லை. அழைத்தபோது, "தீனியை அதிகமாகப் போட்டிருப்பீர்கள்" என்றான். அவன் சொன்ன அளவுக்குப் பாதிதான் போட்டிருந்தேன். ஏழாம் நாள் அனிமோன் சுருங்கிக் கீழே விழுந்து கரைய ஆரம்பித்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. மாமியார் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். இந்த முறை அவன் எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்தார். "மேடம், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது." பணம் கைமாறும் வரை அக்கா. மாறிய பிறகு மேடம்.

மறுநாள் அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: 1,800 ரூபாய்க்கு அம்மோனியா நீக்கும் மருந்து வாங்க வேண்டுமாம், புது மீன் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். எதனால் செத்தது என்று எழுத்தில் கொடுங்கள், வாங்குகிறேன் என்றேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் என்னைத் தடை செய்துவிட்டார்கள். செயலியில் புகார் கொடுத்தேன். 'ஓ.டி.பி. பகிரப்பட்டதால் சேவை நிறைவடைந்ததாகக் கருதப்படுகிறது' என்று பதில். மீதி 36,500 ரூபாய் 'எங்கள் தளத்துக்கு வெளியே நடந்தது' என்று இன்னொரு பதில். மூன்றாவது முறை எழுதியபோது அதே முதல் பதிலை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பினார்கள்.

நேற்று மாலை, பல ஆண்டுகளாகக் கடல்மீன் வளர்க்கும் ஒருவர், தெரிந்தவர் மூலம் வீட்டுக்கு வந்தார். தன் கருவிகளை எடுத்து வந்திருந்தார். அதே அம்மோனியா சோதனையைச் செய்து, கைப்பேசியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையாகி, கடைசியில் கரும்பச்சையானது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதுவிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். அதுவரை மீனே விடக் கூடாது. கடல்நீரின் பி.எச். 8க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நஞ்சு அதில் இன்னும் கடுமை. என் மீன்கள் பதின்மூன்று நாளும் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன.

உப்பையும் அளந்தார். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.030. காரணமும் அந்தப் பையன்தான். தண்ணீர் குறையக் குறைய ஊற்றும்படி இரண்டு கேன் உப்புத் தண்ணீர் கலந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நானும் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினேன். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, குறையும் அளவுக்கு உப்பில்லாத சுத்தமான நீரைத்தான் ஊற்ற வேண்டும். மீனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் நானே என் கையால் உப்பைக் கூட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அந்த அனிமோன் அரிய வகையும் அல்ல, ஒன்றும் அல்ல. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழும். அதற்கு நிறமும் உணவின் பெரும்பங்கும் அவற்றிலிருந்துதான். அவை வெளியேறிவிட்டால் வெளுத்துப்போய்ப் பட்டினியில் கிடக்கும். சாகக் கிடந்ததை எனக்கு 3,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். நீல டாங் வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும், அதை 60 லிட்டரில் அடைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதன் துடுப்பில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள். வரும்போதே நோயோடு வந்திருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பணம் போயிற்று என்று விடலாம். பாறையை விட மாட்டேன். 'ராமேசுவரம் லைவ் ராக், கடலிலேயே இரண்டு வருடம் கிடந்தது' என்று, அதாவது நல்ல பாக்டீரியா குடியேறிய பாறை என்று சொல்லி, கிலோ 900 ரூபாய் வீதம் 7 கிலோ கொடுத்தான். வந்தவர் ஒரு துண்டை எடுத்துக் கழுவி, விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பாறை முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் மெல்லிய சுவர்கள் நடுவை நோக்கிச் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் உட்கார்ந்திருந்த இடம். எங்கோ கடலில் உடைத்து, வெயிலில் காயவைத்த பவளம் அது.

கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. 2001 முதல் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்ததே இந்தப் பவளத் திட்டுகளைக் காப்பாற்றத்தான். அங்கிருந்து பிடுங்கியதாக அவனே பெருமையாகச் சொன்ன பொருளை, 6,300 ரூபாய் கொடுத்து வாங்கி என் கூடத்தில் வைத்திருக்கிறேன். திருட்டுக் கொடுத்தவள் நான், திருட்டுப் பொருளும் என்னிடமே இருக்கிறது. நாளை காலை வனத்துறை அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துப் பாறையை ஒப்படைக்கப் போகிறேன். என்ன சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிந்துவிட்டேன். அவர்கள் பேசியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. 46,500 ரூபாய்க்காக அலைய வேண்டுமா என்று கேட்கிறார்கள். அலைவேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழு வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, தலை வலிக்கிறது. தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வைத்த அன்றே மீன் விடலாம் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனையை நீங்களே செய்யுங்கள், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். பாறை என்று பவளத்தைக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், செயற்கைப் பாறை போதும். க்ளவுன் மீன் பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் கிளை உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதற்கான முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது, கடலிலிருந்து பிடித்ததை வாங்கவேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்து ஒரு மாதம் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். சொல்ல மறுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொல்லாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய ஒரு க்ளவுனை நேற்று வந்தவர் தன் தனிமைத் தொட்டிக்கு வாளியில் எடுத்துப் போயிருக்கிறார். டாங்கையும் கேட்டேன். அது தாங்காது அம்மா என்றார். தாங்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செயலியைத் திறந்து பார்த்தேன். அந்த விளம்பரம் இன்னும் வருகிறது, இப்போது புதுப் படத்தோடு. என் தொட்டி. முதல் நாள் மாலை அந்தப் பையன் எடுத்தது. நீல வெளிச்சம், நடுவில் வெள்ளை அனிமோன், இடது ஓரத்தில் என் மாமியாரின் குத்துவிளக்கு பாதி தெரிகிறது. அந்தப் படத்தில் இருக்கும் ஐந்து உயிர்களில் நான்கு இப்போது இல்லை. குத்துவிளக்கு தெரிகிற படத்தைப் பார்த்தால் பணம் கட்டாதீர்கள்.