சில நூறு பேர் மட்டும் போட்டிருக்கும் பிளகினை நம்பலாமா?

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையின் வேர்ட்பிரஸில் கட்டிய இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் பின்கோடு தட்டியதும் அங்கே டெலிவரி உண்டா, பொருள் வந்தபின் பணம் கொடுக்கலாமா என்று காட்ட வேண்டும் என்றார் கடைக்கார அண்ணன். 625இல் தொடங்கும் தேனிப் பக்கத்துக்கு ஒரு கட்டணம், 685இல் தொடங்கும் இடுக்கிக்கு வேறு கட்டணம் என்று பிரிப்பதை, வேர்ட்பிரஸில் கடை நடத்தப் போடும் வூகாமர்ஸே செய்துவிடும். 625* என்று போட்டால் போதும். பின்கோடு தட்டும் அந்தப் பெட்டிக்குத்தான் பிளகின், அதாவது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல், தேவைப்பட்டது.

கடைசியில் நின்றவை இரண்டு. லட்சத்துக்கு மேல் தளங்களில் ஓடும் பெரிய டெலிவரி பிளகின் ஒன்று, சில நூறு தளங்களில் மட்டும் உள்ள சின்னது ஒன்று. சின்னதைத்தான் போட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினைப் பூட்டு உடைத்து இலவசமாகத் தரும் திருட்டு ஜிப் கோப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெரியதில் சிக்கல் வந்தால் யாராவது விடை எழுதி வைத்திருப்பார்கள், பாதுகாப்பு ஓட்டை இருந்தாலும் சீக்கிரம் வெளியே தெரியும். சரி, ஆனால் எண்ணிக்கை ஒன்றே காவல் இல்லை. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த பிளகின். 2017இல் கை மாறியது. புதிதாக வாங்கியவர்கள் அப்டேட் வழியாகவே கள்ள நிரலை நுழைத்து, தளங்களில் ஸ்பாம் பதிவுகளைப் போட்டார்கள். லாகின் செய்த உரிமையாளர் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது.

அதனால் நான் பார்த்தது பராமரிப்பை. பிளகின் பக்கத்தில் 'இந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது' என்று வரும் வரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிளகினோடு வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு எண்ணை மாற்றினாலே அது மாறிவிடும், 'கடைசி அப்டேட்' தேதியும் புதிதாகிவிடும். அதே பக்கத்தின் டெவலப்மெண்ட் டேபுக்குள் போய் ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தக் கோப்பு திருத்தப்பட்டது என்று பாருங்கள். சின்ன பிளகினில் உண்மையான திருத்தங்கள் இருந்தன. சப்போர்ட் பக்கத்தில் ஒருவர் பிழை சொல்ல, அடுத்த பதிப்பிலேயே அதைச் சரிசெய்திருந்தார்கள். பெரியதில் பதில் கிடைத்தது, ஆனால் பாதிக்கு மேல் 'புரோ வாங்குங்கள்' என்ற பதில்தான்.

சின்ன பிளகினில் கோப்புகளும் கொஞ்சம்தான், உட்கார்ந்து படித்துவிடலாம். தட்டிய பின்கோடு எண்தானா என்று சரிபார்த்த பிறகே டேட்டாபேஸுக்குப் போகிறது. வெளி முகவரி எதற்கும் தகவல் போகவில்லை. அமைப்புகளை மாற்றும் இடத்தில் அட்மின் உரிமை இருக்கிறதா என்று கேட்கிறது. நான் செக்யூரிட்டி ஆள் இல்லை. நுட்பமான ஓட்டை ஒன்று என் கண்ணில் படாமல் போயிருக்கலாம். பணம், பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட வேலையாக இருந்தால் இவ்வளவு சின்னதைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஆட்டோ அப்டேட்டை இதற்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் மாற்றங்களைப் படித்து, நகல் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் கடைத் தளத்துக்கு. அவசரத் திருத்தம் வந்தால் இதில் தாமதமாகும் ஆபத்து உண்டு, அதனால் வாராவாரம் பார்த்தே ஆக வேண்டும். எழுதியவர் ஒற்றை ஆள், நாளைக்கே விட்டுவிடலாம். அப்படி விட்டாலும் பின்கோடு பட்டியலை சிஎஸ்வி (சாதாரண அட்டவணை) கோப்பாக வெளியே எடுக்க வருகிறது என்பதால் துணிந்து போட்டேன்.