மானுக்கு நெடுந்தூரத் துப்பாக்கி: 6.5 கிரீட்மூரா, 7 மி.மீ. மேக்னமா?

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வாங்கியது 6.5 கிரீட்மூர். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இவையெல்லாம் தோட்டாக்களின் பெயர்கள், அதைச் சுடும் துப்பாக்கியையும் அதே பெயரால்தான் சொல்வோம்; மேக்னம் என்றால் மருந்து அதிகம் பிடிக்கும் வலுவான ரகம். அமெரிக்காவின் கொலராடோ மாநில மேற்குச் சரிவில் மியூல் மான் (பெரிய காதுள்ள மேற்கத்திய மான்) வேட்டைக்கு எது சரிப்படும் என்று .308, .270, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாவற்றையும் அலசினேன். சிலவற்றை நண்பர்களிடம் இரவல் வாங்கிச் சுட்டும் பார்த்தேன். கடைசியில் இதில் ஏன் வந்து நின்றேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நிலைமை வேறு. எந்தப் பகுதியில் எத்தனை மான் சுடலாம் என்று மாநில வனவிலங்குத் துறை கணக்குப் போட்டு, குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு தருகிறது. 1949க்கு முன்னால் பிறந்தவர்கள் தவிர மற்றவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். எச்1பி விசாக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி அவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, நெடுந்தூரம் என்றால் எவ்வளவு? கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காட்டில் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் மான் கண்ணில் படும். அங்கே எதை எடுத்துக்கொண்டு போனாலும் வேலை நடக்கும். மேற்கில் அப்படியில்லை. சேஜ்பிரஷ் புதர் மண்டிய திறந்த சரிவுகள். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் மான். இறங்கி ஏறிக் கிட்டே போவதற்குள் அது அடுத்த மலைக்குப் போயிருக்கும். அதனால் 300, 350 கஜம் என்பது சாதாரணமாக வந்துவிடும். நான் வைத்திருக்கும் எல்லை 400. ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகட்டைச் சுடுவது தனி விளையாட்டு, அதை உயிருள்ள மிருகத்திடம் காட்டக் கூடாது. 400 கஜத்தைக் கடக்கவே குண்டுக்கு ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் மேய்கிற மான் ஓர் அடி முன்னால் வைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய் விழும்.

மானுக்குக் கொலராடோ சட்டம் கேட்பது குறைந்தது .24 அங்குல விட்டம், 70 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கிற சிறு எடையளவு) எடையில், பட்டதும் விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். மேலே சொன்ன ஐந்துமே இதை அநாயாசமாகத் தாண்டும். நல்ல ஆண் மியூல் மான் 200 பவுண்டுக்கு மேல் தேறும், ஆனாலும் அது மான்தான். எனவே ‘இந்தக் குண்டுக்கு மான் விழுமா?’ என்கிற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம்.

.308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. நேட்டோ படைகளின் 7.62 தோட்டாவும் இதுவும் உடன்பிறப்புகள். அதனால் பயிற்சித் தோட்டா மலிவு, எங்கேயும் கிடைக்கும், குழலும் சீக்கிரம் தேயாது. 300 கஜத்துக்கு மேல் சுடவே மாட்டேன் என்கிறவர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு .308 வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் அதன் குண்டு மந்தமாகிவிடுகிறது. 6.5ஐ விட அதிகமாகத் தோளில் உதைத்துவிட்டு, அதைவிட அதிகமாகக் காற்றில் விலகுகிறது. கூலி கூட, வேலை குறைவு.

.270 வின்செஸ்டர் 1925இன் சரக்கு. 130 கிரெயின் குண்டு நொடிக்கு 3060 அடி வேகத்தில் கிளம்பும். ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளர் வாழ்நாள் முழுக்க இதைப் புகழ்ந்தே ஒரு தலைமுறையை வாங்க வைத்தார். அந்தக் காலத்தில் அவர் சொன்னது நியாயம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில், குண்டு எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு லாபம். இப்போது லேசர் கருவி 362 கஜம் என்று சொல்லிவிடுகிறது, துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் தீர்ந்தது. போதாக்குறைக்கு, குண்டைச் சுழல வைக்கிற உள்வரி, வழக்கமான .270 குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய நீண்ட ஒல்லிக் குண்டுகளுக்கு அந்தச் சுழற்சி பற்றாது. 6.5 கிரீட்மூரில் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே வழக்கம். யாராவது .270 சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல துப்பாக்கி. காசு போட்டுப் புதிதாக வாங்க இப்போது காரணம் குறைவு.

.300 வின்செஸ்டர் மேக்னத்தை (1963) 7 மி.மீ. மேக்னத்தோடு சேர்த்தே பார்க்கலாம். 7 மி.மீ.க்கு எதிராக நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கு இன்னும் பலமாகப் பொருந்தும்.

மிச்சம் இரண்டு. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1962இல் ரெமிங்டன் 700 துப்பாக்கியோடு சேர்ந்து வந்தது. மேற்கு மாநில வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. 6.5 கிரீட்மூரை 2007இல் ஹார்னடி கம்பெனி இலக்குப் போட்டிக்காரர்களுக்காகக் கொண்டுவந்தது. வேட்டைக்காரர்கள் பிற்பாடு பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் ஒரே வகைக் குண்டை, ஹார்னடியின் இஎல்டி-எக்ஸை எடுத்துக்கொள்வோம். 6.5இல் 143 கிரெயின், 2700 அடி வேகம். 7 மி.மீ.யில் 162 கிரெயின், 2940 அடி வேகம். 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 400 கஜத்தில் 6.5 ஏறத்தாழ 23 அங்குலம் இறங்கும், 7 மி.மீ. 18 அங்குலம். இந்த ஐந்து அங்குலத்தைக் குமிழ் பார்த்துக்கொள்ளும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அடித்தால்? 6.5 சுமார் 9 அங்குலம் விலகும், 7 மி.மீ. சுமார் 8. ஒரே ஒரு அங்குலம்தான் வித்தியாசம்! அங்கே மிஞ்சியிருக்கும் ஆற்றல் 6.5க்கு 1450 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் மேலும், 7 மி.மீ.க்கு 2000ஐ ஒட்டியும் இருக்கும். மானுக்கு 1000 போதும் என்பதுதான் பரவலான கணக்கு.

இதெல்லாம் கடல்மட்டக் கணக்கு. 8000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், மலையில் இரண்டுமே இதைவிட நன்றாகப் போகும். அதே நேரம், 10 மைல் காற்றை நீங்கள் 5 மைல் என்று நினைத்துவிட்டால் நாலு அங்குலத்துக்கு மேல் தப்பாகிவிடும். மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கிற வட்டமே எட்டு, ஒன்பது அங்குலம்தான். மேக்னம் மிச்சப்படுத்தித் தருகிற ஓர் அங்குலத்தைவிடக் காற்றைப் படிக்கத் தெரியாதவன் இழக்கிற நாலு அங்குலம் பெரிது. காற்றைப் படிக்க ஒரே வழி, நிறையச் சுடுவது. நிறையச் சுட முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது உதை.

என் முடிவு முழுக்க இந்த உதையின் மேல்தான் நிற்கிறது.

உதையின் கணக்கு எளிது. முன்னால் போகிற குண்டின் எடை, அதைத் தள்ளுகிற வெடிமருந்தின் எடை, அவற்றின் வேகம், துப்பாக்கியின் எடை. 6.5 எரிப்பது 42 கிரெயின் மருந்து அளவில், 7 மி.மீ. அறுபதுக்கு மேல்; .300 எழுபதை ஒட்டி. எட்டு பவுண்டுத் துப்பாக்கியில் வைத்துப் பார்த்தால், 6.5இன் உதை சுமார் 13 அடி-பவுண்டு, .308 பதினேழு, 7 மி.மீ. இருபத்துமூன்று, .300 முப்பது. ‘நான் ஆம்பளை, தாங்குவேன்’ என்று தோளைத் தட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. தோள் தாங்கும். கண்ணும் விரலும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதை எனக்கு நேரில் காட்டியது, நெல்லைக்கார நண்பர் ஒருவரின் 7 மி.மீ. மேக்னம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பல வருஷமாக வேட்டைக்குப் போகிறவர், நல்ல குறிகாரர். சுடுதளத்தில் அவர் சம்மதத்தோடு, அவர் பார்க்காதபோது மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு பொய்த்தோட்டாவைச் சொருகி வைத்தேன். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது விசைக்கு ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல் முனை பளிச்சென்று லேசாகக் கீழே குத்திட்டு நின்றது. அவர் கண்களும் இறுக மூடியிருந்தன. வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகிவிட்டது. “என்னலே இது, நானா குனிஞ்சேன்?” என்று அவரே சிரித்துவிட்டார். 100 கஜத்தில் இந்தக் குனிவு பெரிதாகத் தெரியாது, தகட்டின் ஓரத்திலாவது பட்டுவிடும். 400 கஜத்தில் அது நான்கு மடங்கு.

பிறகு என் 6.5இல் அவரையே சுடச் சொல்லி, அதே வேலையைச் செய்தேன். குழல் அசையவில்லை. இரண்டு துப்பாக்கியும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உதையில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மேக்னம் வெடித்ததும் குழல் மேலே எகிறி, ஸ்கோப்பில் வானம்தான் தெரியும். திரும்ப இறக்கிப் பார்ப்பதற்குள் மான் இருந்த இடத்தில் புதர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பட்டதா, எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது, ஒன்றும் தெரியாது. நெஞ்சில் பட்ட மான்கூட நூறு கஜம் ஓடி ஏதாவதொரு ஓடைக்குள் விழலாம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போய் ரத்தத் தடம் தேடுகிறவனுக்கு, அது துள்ளியதா, முதுகை வளைத்ததா, எந்த ஜூனிபர் மரத்துக்குப் பின்னால் மறைந்தது என்பதெல்லாம் பொன்னான தகவல். 6.5இல், ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைப் பத்துக்குள் வைத்துக்கொண்டு முதுகுப்பையின் மேல் படுத்துச் சுட்டால், குண்டு படுவதை நீங்களே பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், முதுகை வளைத்த மானை, அவசரப்படாமல் இன்னொரு குண்டில் முடிக்கவும் முடிந்தது.

குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பிரேக் போட்டால் உதை குறையுமே என்பார்கள். குறையும். கூடவே காதையும் பதம் பார்க்கும், பக்கத்தில் படுத்திருக்கிற நண்பரின் காதையும் சேர்த்து. துப்பாக்கியைக் கனமாக்கினாலும் உதை குறையும், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு 9000 அடி ஏறப்போவது நீங்கள்தான். பணமும் சேர்த்தி. 6.5இன் பயிற்சித் தோட்டா, மேக்னம் வேட்டைத் தோட்டாவில் ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைக்கிறது. விலையும் வலியும் குறைந்தால் சனிக்கிழமை தோறும் சுடுதளத்துக்குப் போகத் தோன்றும். மேக்னக்காரர்களில் பலர் சீசனுக்கு முன்னால் ஒரு டப்பாவில் பாதியைச் சுட்டு ஸ்கோப்பைச் சரிபார்த்துவிட்டு மலையேறுகிறார்கள். குழல் தேய்மானத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள், வேட்டைக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை.

7 மி.மீ. வாங்க நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. எல்க் (மான் இனத்தில் மிகப் பெரிய ஒன்று) சுட விரும்புகிறவர்களுக்கு அது பொருத்தம். 6.5இல் எல்க் விழும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நான் எல்க்கை அதால் சுட்டதில்லை, அதனால் அவர்கள் பக்கமும் பேசமாட்டேன், எதிராகவும் பேசமாட்டேன். அறுநூறு, எழுநூறு பவுண்டு மிருகத்துக்கு, எனக்கென்றால் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்று தோன்றுகிறது. அண்ணாச்சி கட்சியும் இதுதான்: “ஒரே துப்பாக்கியில மான், எல்க், கரடி எல்லாத்தையும் முடிச்சிரலாம்லா.” ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும் என்கிறவருக்கு அது பலமான வாதம்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கோணம். அங்கே 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு விரிய வேகம் அதிகம் வேண்டும், அதே நீளத்துக்கு எடையும் குறைவு. 6.5இன் வேகம் தூரத்தில் அந்த வாசலுக்குக் கீழே இறங்கிவிடும், 7 மி.மீ. இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். நான் சுடுவது ஈயம் வைத்த குண்டு. அதனால் செம்புக்கு என் அனுபவத்தை நம்பி வாங்கிவிட வேண்டாம்.

கடைக்காரர் புதிதாக வந்த தோட்டாக்களான 6.5 பிஆர்சியையும் (2018) 7 பிஆர்சியையும் (2022) காட்டாமல் விடமாட்டார். காகிதத்தில் இரண்டும் அழகு. முதலாவதை ஒரு நண்பரின் துப்பாக்கியில் கொஞ்சம் சுட்டேன்; உதை கிரீட்மூருக்கும் மேக்னத்துக்கும் நடுவில் இருப்பதாகப் பட்டது, அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் மீக்கர், கிரெய்க் மாதிரியான சிற்றூர்களில், அக்டோபர் கடைசியில் வேட்டைக்கூட்டம் வந்து போன பிறகு தோட்டா அலமாரியில் .308உம், இன்னொரு பழைய தோட்டாவான .30-06உம், 6.5 கிரீட்மூரும் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். புது ரகத் தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்குகிறவர்கள் இரண்டு டப்பாவைக் கூடுதலாக வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.