மேக்ஸ், மைக்கா, ஓ.எம்.எஸ்.: மூன்று கேள்வித்தாள்களை வகுப்பில் கொடுத்துப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆராய்ச்சியாளன் இல்லை. நர்சிங் மாணவர்களுக்கு மனநலப் பாடம் எடுப்பவன். மனநலப் பிரிவுக்கு போஸ்டிங் போவதற்கு முன்னால் ஒரு தடவை, போய்வந்ததும் ஒரு தடவை, இவர்களுக்கு மனநோய் பற்றி என்ன தெரிகிறது, அந்த நோய் உள்ளவர்களைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். சொந்தமாகக் கேள்வி எழுதுவதைவிட, ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்கள் இருக்கும்போது அவற்றையே எடுத்துக்கொள்வது நல்லது என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இது.

முதலில் மேக்ஸ் (MAKS, மென்டல் ஹெல்த் நாலெட்ஜ் ஷெட்யூல்). லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவாகி 2010-ல் வெளிவந்தது, அறிவை அளப்பதற்கானது. மொத்தமே 12 வரிகள், டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். முதல் 6 வரிகள் வேலை, சிகிச்சை, குணமடைதல், உதவி தேடுதல் போன்றவை பற்றி. அடுத்த 6 வரிகளில் ஆளுக்கொரு பெயர்: மனச்சோர்வு, மன அழுத்தம், மனச்சிதைவு, பைபோலார், போதை அடிமைத்தனம், துக்கம். இவற்றில் எது மனநோய் என்று சொல்ல வேண்டும். மன அழுத்தமும் துக்கமும் மனநோய் இல்லை என்று சொன்னால்தான் மதிப்பெண்.

இங்கேதான் தமிழில் மாட்டிக்கொண்டேன். ‘டிப்ரெஷன்’ என்பதற்கு மனச்சோர்வு என்று பாடப்புத்தகத்தில் போட்டாலும், பத்திரிகையிலும் பேச்சிலும் பாதிப் பேர் அதையே மன அழுத்தம் என்றுதான் சொல்கிறார்கள். ‘ஸ்ட்ரெஸ்’ஸும் மன அழுத்தம்தான். ஒரே தாளில் மனச்சோர்வு மனநோய், மன அழுத்தம் மனநோய் இல்லை என்று வந்தால், பாவம், அந்தப் பிள்ளை எதை நினைத்து டிக் போட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் பேட்ச்சில் அந்த இரண்டு வரியையும் நம்பாமல் ஒதுக்கி வைத்துவிட்டேன். அடுத்த தடவை தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே டிப்ரெஷன், ஸ்ட்ரெஸ் என்று தமிழ் எழுத்தில் போட்டேன், குழப்பம் கொஞ்சம் அடங்கியது. மொழிபெயர்த்தால் பத்துப் பேரிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு பேட்ச்சை வீணாக்கினேன்.

இன்னொன்று, மேக்ஸில் மொத்த மதிப்பெண் போட்டு ஒரு ஆளை எடை போட முடியாது. அப்படி ஒரே அளவுகோலாக இயங்க வேண்டும் என்று அதை உருவாக்கவில்லை என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கல்லூரியில் ரிப்போர்ட் கேட்பவர்களுக்கு ஒரு சராசரி வேண்டும், அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. வரிவரியாகப் பாருங்கள், அப்போதுதான் பிரயோஜனம்.

அடுத்து மைக்கா (MICA, மென்டல் இல்னஸ்: கிளினிஷியன்ஸ் ஆட்டிட்யூட்ஸ்), இது மனப்பான்மையை அளப்பது. இதுவும் அதே கிங்ஸ் கல்லூரி, அதே 2010. மருத்துவ மாணவர்களுக்கு ஒரு பதிப்பும், மற்ற சுகாதாரப் படிப்புகளுக்கும் பொருந்துகிற மாதிரி மைக்கா-4 என்று ஒரு பதிப்பும் உண்டு. 16 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக ஏற்கிறேன்’ தொடங்கி ‘அறவே ஏற்கவில்லை’ வரை 6 கட்டம். மொத்தம் 16 முதல் 96 வரை வரும், கூடக்கூட மனப்பான்மை மோசம் என்று அர்த்தம். பரீட்சை மார்க் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஜாக்கிரதை. நான் முதல் தடவை அதிக மதிப்பெண் வாங்கிய மாணவனைப் பார்த்து மனதுக்குள் சபாஷ் போட்டுவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆறு கட்டம் என்பதால் ‘நடுவில் ஒன்று’ கிடையாது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தே ஆக வேண்டும். எனக்கு இது பிடித்தது, மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தி எழுந்து, “சார், நான் என்ன நினைக்கிறேன்னு எழுதணுமா, இல்ல என்ன நினைக்கணும்னு எழுதணுமா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த மாதிரி எந்தக் கேள்வித்தாளுக்கும் உள்ள பெரிய ஓட்டை அதுதான்: பாடம் எடுப்பவனே தாளையும் கொடுத்தால், பதில் அவன் காதுக்கு இனிமையாகத்தான் வரும். அதற்குப் பிறகு தாள் கொடுப்பதையும் வாங்குவதையும் இவர்களுக்கு மார்க் போடாத ஒருவரிடம் விட்டுவிட்டேன்.

மைக்காவில் ஒரு வாக்கியத்துக்காகவே இதை வாங்கலாம் என்பேன் (வாங்க வேண்டியதில்லை, உருவாக்கியவர்களிடம் கேட்டுப் பயன்படுத்தலாம்). மனநோய் உள்ள ஒருவர் நெஞ்சுவலி மாதிரி உடம்புத் தொந்தரவு சொன்னால், அதையும் மனநோயின் கணக்கிலேயே எழுதிவிடுவீர்களா என்று கேட்கிறது. இதில் நல்ல எண்ணம், கெட்ட எண்ணம் என்ற பேச்சே இல்லை. வார்டில் நடக்கிற, ஆளையே காவு வாங்கக்கூடிய தவறு. மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், “அவர் எப்பவும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு ஈசிஜி எடுக்காமல் நகர்ந்துவிடுவார்கள். பயிற்சி முடிந்து மேக்ஸில் வெளுத்து வாங்கிய ஒரு மாணவன் இந்த வரியில் ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்று போட்டிருந்தான். அவனுக்கு மருந்தின் பெயர், அறிகுறி, வகைப்பாடு எல்லாம் அத்துப்படி. அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

தெரிவது ஒன்று, நினைப்பது வேறொன்று என்பதற்கு வெளியிலும் சாட்சி உண்டு. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் எடுத்த தேசியக் கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், மனநோய்க்கு மூளையின் செயல்பாடு ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் கூடியிருந்தார்கள். நோய் உள்ளவர்களைத் தாழ்வாகப் பார்க்கும் களங்க எண்ணமோ குறிப்பிட்டுச் சொல்லும்படி குறையவில்லை. ஆகையால் அறிவுத் தாளை மட்டும் கொடுத்துவிட்டு ‘மாணவர்களின் மனப்பான்மை முன்னேறியது’ என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அது சுத்தப் பொய்.

மைக்காவில் குறையும் இருக்கிறது. சில வாக்கியங்கள் நேராக, சில எதிராக எழுதப்பட்டவை, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் கோடு இழுப்பவர்களைப் பிடிக்க அது உதவும். ஆனால் ‘ஒருபோதும் குணமாக மாட்டார்கள்’ என்பதை ‘ஏற்கவில்லை’ என்று சொல்வது தமிழில் இரண்டு மறுப்பு சேர்ந்து தலையைச் சுற்ற வைக்கிறது. மனநோயாளிகளைப் பற்றி சகாக்களிடம் பேசும்போது கேலிச் சொற்களைப் பயன்படுத்துவீர்களா என்று ஒரு வாக்கியம் வருகிறது. ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் ‘லூசு’, ‘மெண்டல்’ என்று போட்டதும் அறையில் ஒரு சத்தம். அகராதிச் சொல் போட்டிருந்தால் யாருக்கும் சுருக்கென்று பட்டிருக்காது.

மூன்றாவது, ஓ.எம்.எஸ். (OMS, ஓப்பனிங் மைண்ட்ஸ் ஸ்கேல்). கனடாவின் மனநல ஆணையம் இந்தக் களங்க எண்ணத்தைக் குறைக்க 2009-ல் தொடங்கிய ஓப்பனிங் மைண்ட்ஸ் திட்டத்துக்காகச் செய்தது. முதலில் 20 வாக்கியங்கள் இருந்தன, பிறகு 15 ஆகச் சுருக்கினார்கள், 5 கட்டம். இதன் பலம், மற்ற இரண்டைவிட அதிகமாகக் கேள்வியை மாணவரின் பக்கமே திருப்புவது. உங்களுக்கே வந்தால் நண்பரிடம் சொல்வீர்களா, சக ஊழியரிடம் மறைப்பீர்களா, தானாகச் சரிசெய்ய முடியாவிட்டால் உங்களை பலவீனமானவராக நினைப்பீர்களா. மாதிரிக்கு நானே ஒரு தாளை நிரப்பிப் பார்த்தேன். மற்றவை கடகடவென்று போயின. சக ஊழியர் வரியில் பேனா நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் இந்தப் பாடத்தை எடுப்பவன் நான். கடைசியில் நடுக்கட்டத்தில் போட்டேன், இதில் நடுக்கட்டம் இருக்கிறதே!

எம்.எச்.எல்.எஸ். (MHLS, மென்டல் ஹெல்த் லிட்டரசி ஸ்கேல்) என்று 35 கேள்வியில் ஒன்று உண்டு, 2015-ல் வந்தது. ரகசியம் காப்பதை எப்போது மீறலாம் என்பது வரை கேட்கும், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டூட்டி முடித்து வந்த பிள்ளைகளிடம் நீட்டினால் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பார்கள். விட்டுவிட்டேன்.

என் சிபாரிசு: ஒன்றுதான் முடியும் என்றால் மைக்கா-4. நேரம் இருந்தால் கூட ஓ.எம்.எஸ். மேக்ஸை மதிப்பெண்ணுக்காக இல்லாமல், துக்கம் ஏன் நோய் இல்லை என்று வகுப்பில் பேச்சைத் தொடங்கக் கொடுங்கள், அதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. போஸ்டிங் முடிந்த அன்றே கொடுத்துவிட்டு நிறுத்திவிடாமல், சில மாதம் கழித்து இன்னொரு தடவையும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும், பெயரும் போடக் கூடாது என்பதால் ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ‘மறக்காத எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னது என் தப்பு. இரண்டாம் தடவை ஏகப்பட்ட பேர் மறந்துவிட்டார்கள், நான்கு தாளில் ‘தல’ என்றே இருந்தது. இப்போது அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, செல்போனின் கடைசி எண் என்று தாளின் தலையிலேயே மூன்று கட்டம் போட்டுவிடுகிறேன்.