மின்கட்டணத்தைப் பாதியாக்கித் தருகிறோம் என்று வந்தவர்கள்

மின்கட்டணத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று யாராவது உங்கள் வீடு தேடி வந்தால், அவர்கள் கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் குளிர்காலம் முடியப்போகும் வாரங்களில் வந்தார்கள். அவர்களுடைய வியாபாரத்தின் உயிர்நாடியே அந்தத் தேதிதான் என்பது பின்னால்தான் புரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று பொருள்களை ஒரே தொகுப்பாக விற்றார்கள். சுவர் பிளக்கில் செருகி வைக்க ‘மின்சேமிப்பான்’ என்ற சிறு பெட்டி. வீடு முழுவதற்கும் எல்.இ.டி. பல்புகள். "400 வாட்டில் 1500 வாட் வெப்பம்" என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஓர் அறை ஹீட்டர். தனித்தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள். இவற்றோடு முத்திரை குத்திய உத்தரவாதக் கடிதம் ஒன்று: இரண்டு மாதங்களில் மின்கட்டணம் குறையாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பவர்களைச் சந்தேகிக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

பெட்டியை அவர்கள் விற்ற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு சிறிய மோட்டாரை ஓடவிட்டு, அதன் கம்பியைச் சுற்றி, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார்கள். இத்தனை ஆம்பியர் என்று எண் தெரிந்தது. பெட்டியைச் செருகியதும் அந்த எண் சட்டென்று பாதிக்கும் கீழே இறங்கியது. "நீங்களே பாருங்கள் ஐயா, நான் சொல்லவில்லை, மீட்டர் சொல்கிறது" என்றார் வந்தவர். மீட்டர் சொன்னது உண்மைதான். ஆனால் மின்வாரியம் நம்மிடம் காசு வாங்குவது அந்த எண்ணுக்கு இல்லை.

மோட்டார் உள்ள சாதனங்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. மீதிப் பங்கு மோட்டாரின் காந்தப்புலத்துக்காகப் போய், அடுத்த கணமே மின்தடத்துக்குத் திரும்பிவிடுகிறது. கிளாம்ப் மீட்டர் இரண்டையும் சேர்த்தே காட்டும். வீட்டு மின்மானியோ வேலை செய்த பங்கை மட்டும் யூனிட்டாக எண்ணும். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி, போய்த் திரும்பும் அந்தப் பங்கைத் தானே வாங்கித் தானே கொடுத்துக்கொள்கிறது. அதனால் வெளிக்கம்பியில் ஆம்பியர் குறைகிறது, யூனிட் குறைவதில்லை. நாம் கட்டணமே செலுத்தாத ஒன்றைக் குறைத்துக் காட்டுவதற்கு நம்மிடம் பணம் வாங்கினார்கள்.

பெரிய தொழிற்சாலைகள் மின்தேக்கி வைக்கின்றனவே என்று புகைப்படம் காட்டுவார்கள். வைக்கின்றன, அதுவும் உண்மை. இழுக்கும் மின்னோட்டத்தில் வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்று காட்டும் திறன் காரணி குறைந்தால் ஆலைகளுக்குத் தனிக் கட்டணமோ அபராதமோ விழும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் அவை வைக்கின்றன. சாதாரண வீட்டு இணைப்பில் யூனிட் கணக்குத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: செயல்முறை காட்ட மோட்டாரைத்தான் கொண்டுவந்தார்கள், ஹீட்டரைக் கொண்டுவரவில்லை. வெறும் கம்பிச்சுருள் சூடாகும் ஹீட்டரில் திரும்பிப் போகும் பங்கு என்று ஒன்று கிடையாது. பெட்டியைச் செருகினால் ஆம்பியர்கூடக் குறையாது. குளிர்காலத்தில் வீட்டு மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவது ஹீட்டரும் வெந்நீரும்தான் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பெட்டியைச் சோதிக்க எலெக்ட்ரீஷியன்கூடத் தேவையில்லை. மின்னணு மின்மானியில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மின்மானியின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 1600, 3200 போன்ற எண்களைப் பார்க்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் சாதனம் ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். 1600 மினுக்கல் மின்மானி என்றால் ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.25 நொடி வரும். பத்து இடைவெளிக்கு ஏறத்தாழ 22 நொடி. பிறகு பெட்டியைச் செருகி மறுபடி எண்ணுங்கள். மோட்டார் உள்ள சாதனம் ஒன்றை வைத்தும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டிலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள் என்று விற்பனையாளரிடமே கேட்கலாம். கேட்டதும் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்பார்.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு மின்தேக்கி, ஒரு பச்சை விளக்கு, அதற்கான சில சில்லறைப் பாகங்கள். மின்தேக்கியில் தேங்கும் மின்சாரத்தை வடியவிடும் மின்தடையம் (ரெசிஸ்டர்) இல்லை. அப்படியானால் பிளக்கிலிருந்து பிடுங்கிய பிறகும் அதன் முனைகளைத் தொட்டால் அதிர்ச்சி அடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நினைத்துத்தான் எனக்குப் பணம் போனதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தரமில்லாத மின்தேக்கி நாள் முழுவதும் மின்தடத்திலேயே கிடந்தால் சூடேறிப் பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

ஹீட்டர் விவகாரம் இதைவிட எளிது. 400 வாட் வாங்கும் ஹீட்டர் 400 வாட் வெப்பம் தரும். குவார்ட்ஸ், செராமிக், கார்பன், எண்ணெய் நிரப்பியது என்று எந்தப் பெயர் வைத்தாலும் அவ்வளவுதான். மின்சாரம் கம்பியில் எவ்வளவு வெப்பமாகிறது என்பதை இயற்பியலாளர் ஜூல் 1840-களிலேயே அளந்து வைத்துவிட்டார். அவருக்குப் பிறகு அந்தக் கணக்கை ஒருவரும் மாற்றவில்லை. மலிவான ஹீட்டரும் விலையுயர்ந்த ஹீட்டரும் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகவே ஆக்குகின்றன. அதில் மேலும் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. கதிர்வீச்சு வகை ஹீட்டர் எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகச் சூடாக்குவதால், அறை முழுவதையும் சூடாக்காமல் குறைந்த வாட்டில் சமாளிக்கலாம் என்பது மட்டும் நியாயமான வாதம். அவர்கள் அதைச் சொல்லவில்லை. அறை முழுவதும் கதகதப்பாகும் என்றார்கள்.

விடாமல் கேட்டபோது, "வெப்பப் பம்பு என்று கேள்விப்பட்டதில்லையா? ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தருகிறதே, இதுவும் அதே நுட்பம்தான்" என்றார் தொலைபேசியில் பேசியவர். வெப்பப் பம்பு தருவது உண்மைதான். அது வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை, குளிர்பதன இயந்திரத்தைத் திருப்பிப் போட்டது போல, வீட்டுக்குள் இழுத்து வருகிறது. அதற்கு கம்ப்ரசர் வேண்டும், வெளிக்காற்றோடு தொடர்பு வேண்டும். மேசை மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் ஹீட்டருக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நடந்தது என்னவென்றால், அந்த ஹீட்டரால் அறை சூடாகவில்லை. பழைய 1500 வாட் ஹீட்டரையும் கூடவே போட்டோம். 1900 வாட் ஆயிற்று.

பல்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்.இ.டி. நல்ல பொருள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததை விற்பனையாளரே பெருமையாகச் சொன்னார். பரிசு கண்டுபிடிப்புக்கு, அவருடைய பல்புக்கு இல்லை. பல்புப் பெட்டியில் "9 வாட், 100 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருந்தது. வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமன் எண் எங்கும் இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமன் தரும், 100 வாட் பல்பு 1500, 1600 லூமன் வரை. சந்தையில் உள்ள ஒரு சராசரி 9 வாட் எல்.இ.டி. 60 வாட் பல்புக்குத்தான் ஈடு. வாட் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்று சொல்லும், வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லாது; லூமன் அச்சிடாத பெட்டியைத் தொடவே வேண்டாம். கூடத்தில் இருள் மண்டியதால் கூடுதலாக இரண்டு விளக்குகள் போட வேண்டியதாயிற்று.

25,000 மணி நேரம் உழைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் எரித்தால் அது 22 ஆண்டுகளுக்கு மேல் வரும். உத்தரவாதம் ஓராண்டு. மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய பல்புகள் சில மாதங்களிலேயே அணைந்தன. எல்.இ.டி. சில்லு நீடித்தாலும், அடிப்பாகத்தில் இருக்கும் மின்சுற்று வெப்பத்தைத் தாங்காமல் முதலில் செத்துப்போகும். மூடிய கூட்டில் போடக் கூடாது என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மாட்டிவிட்டுப் போனவர்களே அவர்கள்தான்.

விளக்குகளைப் பற்றி அவர்கள் அவ்வளவு நேரம் பேசியதற்கும் காரணம் இருக்கிறது. 10 வாட் பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.05 யூனிட். 1500 வாட் ஹீட்டர் அதே நேரம் ஓடினால் 7.5 யூனிட், 150 மடங்கு. குளிர்காலத்தில் உண்மையிலேயே மிச்சம் பிடிக்க நினைப்பவர், கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் வெளியேறும் வெப்பத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். இடுக்கை அடைக்கும் பட்டையை விற்று இவர்களுக்கு என்ன கிடைக்கும்?

இனி நாட்காட்டிக்கு வருகிறேன். அவர்கள் வந்துபோன சில நாட்களிலேயே குளிர் விட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் ஹீட்டர் ஓடவில்லை, குளிக்கும் நீரையும் அவ்வளவாகச் சூடாக்க வேண்டியிருக்கவில்லை. மின்கட்டணம் தானாகவே சரிந்தது. "பார்த்தீர்களா, குறைந்துவிட்டது" என்று தொலைபேசியில் பேசினார்கள். அக்கம்பக்கத்திலும் உறவிலும் இந்தத் தொகுப்பை வாங்கியவர்கள் எல்லோருக்கும் குறைந்தது, அவர்களும் மனப்பூர்வமாக மற்றவர்களுக்குச் சொன்னார்கள். உத்தரவாதக் கடிதத்தில் "முந்தைய ரசீதைவிடக் குறையாவிட்டால்" என்றுதான் இருக்கிறது. "சென்ற ஆண்டு இதே மாதங்களைவிட" என்று இல்லை. முந்தைய ஆண்டின் ரசீதுகளை எடுத்து, தொகையைப் பார்க்காமல் யூனிட்டை மட்டும் ஒப்பிட்டேன். அப்போதும் அதே மாதங்களில் அதே அளவு சரிவு இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியும் இல்லை.

இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கிடைத்த பதில்: தட்பவெப்பத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. அதே தட்பவெப்பம் கட்டணத்தைக் குறைத்தபோது பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு, கொஞ்சம் கூடுதல் தொகை கட்டினால் ‘மேம்பட்ட’ பெட்டி தருவதாகச் சொன்னார்கள்.

நுகர்வோர் குறைதீர் அமைப்பில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். ஹீட்டருக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருவதாக இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள், ஏனென்றால் அதன் அடிப்பாகத் தகட்டில் 400 வாட் என்றும் விளம்பரத் தாளில் 1500 என்றும் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டி விஷயத்தில் அசையவில்லை. இவர்களிடமோ இவர்களைப் போன்றவர்களிடமோ வாங்கியிருந்தால் பெட்டியை இன்றே பிளக்கிலிருந்து எடுங்கள், முனைகளைத் தொடாதீர்கள். விளம்பரத் தாளையும் பல்புப் பெட்டிகளின் அட்டையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாயால் சொன்னதையெல்லாம் மறுத்துவிட்டார்கள். அச்சிட்டதை மட்டும்தான் மறுக்க முடியவில்லை.