டோக்கியோவில் ஒரு சுஷி சாப்பாடு: ராத்திரி கின்சாவா, மத்தியானக் கவுன்டரா, பேட்டைக் கடையா?

போன மே மாதம் டோக்கியோவுக்கு டிக்கெட் போட்ட அன்றே வீட்டில் சுஷிச் சண்டை தொடங்கிவிட்டது. ஒரகடத்தில் ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான், "போறதுதான் போறீங்க மாமா, கின்சாவுல ஒரு ராத்திரி ஒமகாசே சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். கின்சா, டோக்கியோவின் பணக்காரக் கடைத்தெரு. விலையைக் கேட்ட என் மனைவி, "அந்தக் காசுக்கு மூணு மாசம் வஞ்சிரம் வாங்கலாம்டா" என்றாள். இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

ஒமகாசே என்றால் ‘உங்களிடமே விட்டுவிட்டேன்’ என்று அர்த்தம். மெனு கார்டு கிடையாது. எட்டுப் பத்துப் பேர் உட்காரும் கவுன்டர், எதிரே சமையல்காரர். அவர் வினிகர் கலந்த சோற்றின் மேல் மீனை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தருவதை, வைத்த கையோடு எடுத்து வாயில் போட வேண்டும். கையால் சாப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் நமக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

மச்சான் சொன்ன கின்சா ராத்திரி, தலைக்கு 30,000 யென்னில் தொடங்கும். யென்னை 55, 60 பைசா என்று வைத்தால் பதினேழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பேர் பெற்ற கடைகளில் இன்னும் ஏறும். மீன் துண்டுகள், சுட்டது, அவித்தது என்று சின்னச் சின்னத் தட்டுகள் முதலில் வந்து, அப்புறம்தான் சுஷி வரிசை. இரண்டு மணி நேரம் ஆகும். கூடவே சாக்கே குடிப்பவர்களுக்குத்தான் இது முழுசாகப் பொருந்தும். நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. பாதி ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு காசா?

பேர் என்றதும் எல்லாரும் சொல்வது சுகியபாஷி ஜிரோ. 2014-இல் ஒபாமாவை அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே அழைத்துப் போன கடை. பொதுமக்கள் சாதாரணமாக முன்பதிவு செய்ய முடியாத கடை என்பதால் 2019 கடைசியில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கையேடு அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நட்சத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் இப்படித்தான், கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்போம். நான் ஜப்பானியர்கள் மார்க் போடும் தாபேலாக் தளத்தைப் பார்த்தேன். அவர்கள் கஞ்சர்கள், 3.5 வாங்கினாலே நல்ல கடை. நம் ஊர் டெலிவரி ஆப் பழக்கத்தில் 4.2-க்குக் கீழே தொடமாட்டேன் என்று உட்கார்ந்தால் பட்டினிதான்.

அதே கின்சாவில் மத்தியானம் போனால் கதை வேறு. பல கடைகளில் அதே கை, அதே சோறு; சின்னத் தட்டுகள் குறையும், விலை ஏறக்குறைய பாதிக்கு வரும். எல்லாக் கடையும் மத்தியானம் திறப்பதில்லை என்பதுதான் குறை. நாங்கள் போனது இப்படி ஒரு கடைக்கு. அங்கே சோற்றில் சிவப்பு வினிகர் கலந்திருந்தார்கள். உடம்புச் சூட்டில் இருந்த அந்தப் புளிப்புச் சோறுதான் என்னை விழ வைத்தது, மீன் அப்புறம். சுஷியின் பூர்வீகமே சோற்றில் மீனைப் புதைத்துப் புளிக்க வைத்ததுதான்; பிவா ஏரிப் பக்கம் இன்றும் ஃபுனசுஷி என்று அதைச் செய்கிறார்கள். பழைய சோறும் கருவாடும் தின்று வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பும் வினிகரும் ஏறிய கோஹாதா என்கிற சின்ன மீன், மெத்தென்று வேகவைத்த கடல் விலாங்கு இரண்டும் வந்தபோது மனைவி வஞ்சிரக் கணக்கை மறந்துவிட்டாள். பச்சை மீன் என்று பயந்து போனவள் அவள். பாதி வகைகள் ஊறவைத்ததோ வேகவைத்ததோதான். டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்த, குளிர்பெட்டி இல்லாத காலத்துப் பழக்கம்.

மூன்றாவது, மாச்சிசுஷி என்கிற பேட்டைக் கடை. புருஷன் பெண்டாட்டி நடத்துவது, தலைக்கு எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் யென். சாப்பாட்டில் கின்சா நுணுக்கம் இல்லை, ஆனால் சிரித்துப் பேசலாம். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் போனில் இடம் பிடிப்பது கஷ்டம். மச்சான் ஆபீஸில் ஒருவர் பேசிக் கொடுத்தார். அந்த உதவி இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இனி இடம் பிடிக்கும் பாடு. பெரிய ஓட்டலில் தங்கினால் விருந்தினருக்கு உதவும் கன்சியர்ஜே பேசி முடிப்பார். எங்களைப் போல பிசினஸ் ஓட்டல் ஆசாமிகளுக்கு அது கிடையாது. ஒமகாசே (அதே பேரில் ஒரு முன்பதிவுத் தளமும் உண்டு), டேபிள்செக் மாதிரியான தளங்கள்தான் கதி. டேபிள்ஆல் கட்டணம் தனியாக வாங்கும், ஆனால் கஷ்டமான கடைகளும் அதில் கிடைக்கும். பல கடைகள் அடுத்த மாத இடங்களை ஒரு குறிப்பிட்ட நாளில் மொத்தமாகத் திறந்துவிடுகின்றன. அங்கே காலை 10 மணி என்றால் சென்னையில் 6.30. தத்கால் டிக்கெட் போட்ட கைகளுக்கு இது பழகிய வேலை. நான் காபி டம்ளரோடு உட்கார்ந்து இடத்தைப் பிடித்தும் விட்டேன், கார்டு போகவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்ய மறந்திருந்தேன். ஆன் செய்து திரும்புவதற்குள் இடம் போயே போச்சு. அடுத்துப் பிடித்த கடைதான் நாங்கள் மத்தியானம் சாப்பிட்ட கடை.

கேன்சல் விதியை மட்டும் நாலு தடவை படியுங்கள். அன்றைக்கு வரவில்லை என்றால் முழுக் காசும் போகும் கடைகளே அதிகம், அதனால் விமானம் இறங்கும் நாளில் போடவே கூடாது. ஞாயிறும், பல புதன்களும் தொயோசு மீன் சந்தைக்கு விடுமுறை; நிறைய கடைகளும் அன்று மூடும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அவர்களுக்கு கோல்டன் வீக் விடுமுறை, நம் பள்ளி லீவும் அப்போதுதான். நாங்கள் மே பாதிக்கு மேல் போனோம். செப்டம்பர், அக்டோபர் பார்க்கிறவர்கள் வீட்டில் புரட்டாசி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும். சைவம் செய்து தரச் சொல்லி ஒமகாசே கடையில் கேட்பதில் பிரயோஜனமில்லை.

சென்ட் போட்டு வராதீர்கள் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தது. மனைவி ஜவ்வாது டப்பியை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.