டோக்கன் 17-ம் ஒரு ஸ்பூன் சிரப்பும்

ஆஸ்பத்திரியில் காலை ஆறரைக்கே போய் நின்றால்தான் டோக்கன் என்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு 17 கிடைத்தது. பதினோரு வருஷம் மான்செஸ்டரில் இருந்தும், செருப்பைப் போட்டு இடம் பிடிக்கும் கலை மறக்கவில்லை.

மகனுக்கு நாலு வயது. ஊருக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து விடியற்காலையில் அடுக்குத் தும்மல், ராத்திரியில் மூக்கடைப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருந்தது. ஒரு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனை முட்டை வெள்ளையைக் காட்டிக்கொடுத்தது. எதெதற்கு அலர்ஜி என்று பார்க்கும் தோல் பரிசோதனைக்கு அங்கே நாலு மாதமாகக் காத்திருக்கிறோம். இங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்கு போன் செய்தால், "நாளைக்கே வாங்க சார்." பெருமையாகத்தான் இருந்தது.

வரவேற்பில் செல்போன் எண்ணை மூன்று தடவை கேட்டார்கள். பையனுக்கு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பத்தேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸம்மா முன்கையில் பேனாவால் கோடு போட்டு, அலர்ஜி தரக்கூடிய பொருட்களின் சாற்றை வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கை வழவழவென்று இருந்தது. அலர்ஜியே இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். நர்ஸம்மா முகம்தான் மாறியது.

"சளி மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

வரிசையில் ஒரு சொட்டு ஹிஸ்டமினாம், அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும் பொருள். அது பட்ட இடம் யாருக்கானாலும் கொசு கடித்தாற்போல் தடிக்க வேண்டும். அதுவே தடிக்கவில்லை என்றால் மற்ற சொட்டுகளை நம்பிப் பயனில்லை. வீட்டுக்கு போன் போட்டேன். பேரன் தூங்கட்டும் என்று ராத்திரி ஆயா ஹிஸ்டமினை அடக்கும் செட்டிரிசின் சிரப் ஒரு ஸ்பூன் ஊட்டியிருக்கிறார்! ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். கட்டிய பணம் போனதுதான்.

டோக்கன் சீட்டின் பின்பக்கம் முழுக்கக் காலி. அங்கே 'சளி, அலர்ஜி மருந்தை நிறுத்திவிட்டு வரவும்' என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன? மான்செஸ்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அது தடித்த எழுத்தில் இருப்பதாக மனைவி அங்கிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அதை நான் படிக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த வாரம் மறுபடி செருப்பு, மறுபடி டோக்கன். இந்தத் தடவை ஹிஸ்டமின் தடித்தது. மெத்தைத் தூசியில் வாழும் தூசிப்பூச்சியின் சொட்டு தடித்தது 6 மில்லிமீட்டர். 3 தாண்டினாலே கணக்கில் வருமாம். முட்டைக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் அவசரப்படாமல் பேசினார். மான்செஸ்டரில் பத்து நிமிஷம் ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் 1990-ல் பிறந்த 1,314 குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்களாம். ஒரு வயதில் ரத்தத்தில் முட்டைக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப்பொருள்) இருந்தவர்களுக்கு, மூன்று வயதில் தூசி, மகரந்தம் போன்றவற்றுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. முட்டை ஒத்துக்கொண்ட பிறகும் மூக்கைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஆஸ்துமா வந்தே தீரும் என்று அர்த்தமில்லை என்றார். இதை அங்கே யாரும் எனக்கு இப்படி உட்கார்ந்து சொன்னதில்லை. போன பணத்தை அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன்.

கடைசியாக, "பையன் எதுல படுக்கறான்?" என்றார்.

என் கல்யாணத்துக்குத் தைத்த இலவம்பஞ்சு மெத்தையில்தான். விஷயம் கேட்டதும் அம்மா அதை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட்டுக் கம்பால் அடிக்க ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றது அவன்தான். பன்னிரண்டாவது அடிக்குத் தும்மல் வந்தது.